கிணறு இல்லாத வீட்டுக்கு ஐந்து ஃபுட்வால்வு

பீளமேடு,
கோயம்புத்தூர்.
12.7.97, சனிக்கிழமை

கோபிசெட்டிபாளையத்தில் தோட்டமும் துரவுமாகச் செழித்திருக்கும் என் மைத்துனர், குழந்தையம்மாளின் ஒரே தம்பி, மாப்பிள்ளை சுந்தரராஜுலு அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் வரதராஜுலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, இந்தத் தடவை நிசமாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அங்கு நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமா, வாழைக்கு மண் அணைத்தாகிவிட்டதா, செவலை மாடு கன்று போட்டதா என்பதற்கெல்லாம் பதில் எழுதவும்.

மாப்பிள்ளை, உங்கள் இன்லண்டு லெட்டர் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதில் சுற்றி வளைத்து இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, எனக்கு மறை கழண்டுவிட்டதாக ஊருக்குள் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா? இரண்டு, சொந்த மைத்துனனுக்குக்கூடச் சொல்லாமல் கிணற்றோடு தோட்டம் வாங்கிவிட்டேனாமே, அது எங்கே? இரண்டாவது கேள்வியை எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறீர்கள், காகிதம் கிழிந்திருக்கிறது. முதல் கேள்விக்கு அந்த அழுத்தம் இல்லை. போகட்டும். இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். ஆனால் ஒற்றை வார்த்தையில் இல்லை என்று எழுதினால் நீங்கள் அடுத்த பஸ்சைப் பிடித்து இங்கே வந்து நிற்பீர்கள் என்று தெரிந்ததால் ஆதியோடு அந்தமாகச் சொல்கிறேன்.

நான் முப்பத்தாறு வருஷம் மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரியாக இருந்தவன். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலே காதில் விழாது, மனசுக்குள் ஒருத்தன் பேசினால் எங்கே கேட்கப் போகிறது? போன வருஷம் ரிட்டயர் ஆகி வீட்டில் வந்து உட்கார்ந்த மூன்றாம் நாளிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது. கேஸை மூடினாளா, மோட்டாரில் கரன்ட் கசியுதா, மகள் புவனா ஏறின பஸ்சுக்குப் பிரேக் பிடிக்குமா. இதுதான் காலையில் ஆரம்பிக்கும், அப்புறம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கை ஜில்லிட்டுப் போகும், மூச்சு பாதியில் நிற்கும், இன்றைக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று டாக்டரைப் பார்த்தேன். நான்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மூன்று பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். "ஒண்ணுமில்லைன்னு சொன்னா சந்தோசப்படோணுமுங்க, நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க?" என்று உங்கள் அக்கா கேட்டாள். ஒன்றுமில்லாமலா மனுஷனுக்கு இப்படி அடிக்கும், அப்படியானால் கண்டுபிடிக்கவே முடியாத பெரிய நோயாகத்தானே இருக்கும் என்று நான் அதற்கும் சேர்த்துப் பயந்தேன். இதற்கு நடுவில் தினமும் பத்தரை மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் புவனாவின் காலேஜுக்குப் போன் போட்டுப் பிள்ளை வந்துவிட்டதா என்று விசாரிப்பேன். கடைசியில் அந்த ஆபீஸ் கிளார்க் நான் ஹலோ சொல்வதற்கு முன்பே, "வந்துருச்சுங்க, ரெண்டாவது பெஞ்சு, பச்சைச் சுடிதாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நல்ல மனுஷன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் ஜூன் மாதம் முதல் வாரத்தில் புவனாவுக்குப் பெங்களூரிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி. நம் இரண்டு குடும்பத்திலும் பெண்பிள்ளை ஒன்று தன் படிப்புக்கு வாங்குகிற முதல் வேலை. ஜூலை பதினாலாம் தேதி, திங்கட்கிழமை காலை போய்ச் சேரவேண்டும். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? ஆர்டர் வந்து நாலு நாள் கழித்து. கழுதை என்னிடம் மூச்சு விடவில்லை. எனக்கு வரப் பிரியமில்லை என்று கம்பெனிக்கு ஒரு பதில் எழுதி, ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டி, போஸ்ட் பண்ணச் சொல்லி உங்கள் அக்காவிடம் கொடுத்திருக்கிறது. உங்கள் அக்கா அதைத் தபால் பெட்டியில் போடாமல் அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள். "ஏன் போகலைன்னு கேட்டேனுங்க. நான் போயிட்டா நைனாவுக்கு என்னமோ ஆயிரும்மாங்குது புள்ள. நீங்க படபடங்குது படபடங்குதுன்னு உக்காந்துக்கிட்டு இருக்கறதுக்கு எம்புள்ள எதுக்குங்க ஊட்டோட கெடக்கோணும்? பதினாலாந்தேதி வரைக்கும் நாள் இருக்குது. அதுக்குள்ள நீங்க மனுசனாகோணும். ஆகலீன்னா அந்த லெட்டரை நானே கொண்டுபோய்ப் பெட்டில போட்டுப்போட்டு, அப்பறம் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் இத்தனை நீளமாக என்னிடம் பேசினதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மாப்பிள்ளை. என் பயத்துக்கு நான் சாப்பிடாமல் கிடக்கலாம், என் பிள்ளை கிடக்கலாமா?

மூன்றாவது டாக்டரிடமே திரும்பப் போனேன். அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, இது நெஞ்சுக் கோளாறு இல்லை, மனப் பதற்றம், மருந்து மாத்திரை இல்லாமல் பேசியே சரி செய்கிற ஒரு அம்மா ராம்நகரில் இருக்கிறார், தனியாக கவுன்சிலிங் பார்க்கிறார், அங்கே போங்கள் என்றார். உங்கள் அக்கா விடவில்லை. மாரியம்மன் கோயிலில் பூ கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தது. மறுபடி போட்டாள். சிவப்பு. "தாயே, எம்புள்ள வெசயம், வெள்ளை வர்ற வரைக்கும் நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பூசாரிக்குச் சாப்பாட்டு நேரம். ஐந்தாவது தடவை வெள்ளை வந்தது. பூசாரி ஏதாவது செய்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அந்த அம்மாவின் பெயர் அன்புச்செல்வி. நாற்பது நாற்பத்திரண்டு வயசு இருக்கும். சைக்காலஜி படித்தவர். அவர் அறை இருப்பது ஒரு பம்ப்செட் ஸ்பேர் கடைக்கு மாடியில். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வருகிறது. முதல் வியாழக்கிழமை நான் மாடிப்படியில் காலை வைக்கிற சமயம், நம் தெருக்காரர் ஒருத்தர் எதிரே வந்து, "ஏனுங்க மேஸ்திரி, இந்தப் பக்கம்?" என்றார். மனசு சரியில்லை, பேசப் போகிறேன் என்று சொல்ல வாய் வருமா? "ஃபுட்வால்வு வாங்க வந்தனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கடைக்குள் போய், கிணற்றுப் பைப்பின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். அடுத்த வாரம் அதே கடை வாசலில் கடைக்காரரே, "என்னங்க, போனது சரியில்லீங்களா?" என்றார். சரியாக இருக்கிறது, இன்னொன்று வேண்டும் என்றேன். அப்படி ஐந்து வியாழக்கிழமைக்கு ஐந்து ஃபுட்வால்வு. கிணறு இல்லாத வீட்டில் கட்டிலுக்கு அடியில் வரிசையாகக் கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு யாரோ கோபி வரைக்கும் தோட்டம், துரவு, தென்னந்தோப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமானால் ஐந்தையும் உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

முதல் நாள் நான் தனியாகப் போகவில்லை. டாக்டரிடம் போனால் நாமா பேசுவோம்? கூட வந்தவர்தானே நோயைச் சொல்லவேண்டும், நோயாளி பேசாமல் உட்கார்ந்திருப்பதுதானே மரியாதை. உங்கள் அப்பாவுக்கு மூலம் வந்தபோதுகூட நான்தானே போய்ச் சொன்னேன்? அந்த முறைப்படி மில்லில் என்னோடு ஃபிட்டராக இருந்த அழகிரிசாமியை அழைத்துப் போனேன். பேச்சில் கெட்டிக்காரர். அன்புச்செல்வி அம்மா என்னைப் பார்த்து, "சொல்லுங்கய்யா, என்ன பண்ணுது?" என்றார். நான் அழகிரிசாமியைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவருக்கு நெஞ்சு படபடங்குமுங்க, காலைல எச்சா இருக்குமுங்க, சாயங்காலம் கொறையுமுங்க" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் தடுக்கவில்லை. "அப்ப அவரு மனசுல என்ன நினைப்பு ஓடுமுங்க?" என்று அவரையே கேட்டார். அழகிரிசாமி யோசிக்காமல் சொன்னார். "ஊட்டுக்குள்ள போகவே புடிக்காதுங்க. சோத்தைப் போட்டுக்கிட்டு ஒத்தையில உக்காந்தா எறங்காதுங்க. பொண்டாட்டி போனதுக்கப்பறம் எதுக்கு இந்த உசுருன்னு தோணுமுங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பொண்டாட்டி பீளமேட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். "அட கெரகமே, என்னய்யா சொல்றே?" என்று திரும்பினால் அழகிரிசாமி மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். அவர் சம்சாரம் தவறி இரண்டு வருஷம். நான் தினமும் சாயங்காலம் அவரோடு பேக்கரியில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரமும் அழகிரிசாமிக்கே போய்விட்டது, நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று என்னைக் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது. அவர் இப்போது புதன்கிழமை போய் வருகிறார். தன் வியாதியைத் தானே சொல்லிக்கொள்கிறார்.

இரண்டாவது வாரம் தனியாகத்தான் வரவேண்டும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனேன். போனதும் எடுத்த எடுப்பில் நம் கஷ்டத்தைக் கொட்டுவது என்ன பழக்கம்? அதனால் முறையாக விசாரித்தேன். சாப்பிட்டாச்சுங்களா, எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாருங்க, கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க, தம்பிக்குப் பொண்ணு பார்க்கறீங்களா. அவருக்கு அவிநாசிப் பக்கம். எனக்கு அங்கே தெரிந்த வீடு ஒன்று இருக்கிறது, நல்ல குடும்பம், ஜாதகம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்த அம்மா ஒரு இடத்தில்கூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் மெதுவாக, "என்னைய இத்தனை அக்கறையா விசாரிச்சீங்கய்யா. இதே மாதிரி உங்களை ஒருத்தர் உக்காந்து விசாரிச்சு எத்தனை வருசம் ஆச்சுங்க?" என்று கேட்டார். அறுபது வயசில், ஒரு கையில் ஃபுட்வால்வோடு, முன்பின் தெரியாத அம்மா முன்னால் அழுதேன், மாப்பிள்ளை. இதை நீங்கள் தங்கச்சியிடம் சொல்லவேண்டாம்.

அப்புறம்தான் எல்லாம் சொன்னேன். மில்லில் கண் முன்னால் ஒரு பையனுக்குக் கை போனது, அது என் ஷிப்டு என்பது, அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் முதலில் விபத்துதான் கண்ணில் தெரிகிறது என்பது, எல்லாம். இதை உங்கள் அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை. அந்த அம்மா கேட்டுக்கொண்டார். உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, நெஞ்சில் கோளாறும் இல்லை, உடம்பு ஆபத்து என்று பொய்யாக மில் சங்கு மாதிரி ஊதுகிறது, நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்ப்பதால் அது நிற்காமல் ஊதுகிறது, அடுத்த தடவை ஓடாதீர்கள், படபடப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், சும்மா உட்கார்ந்திருங்கள் என்றார். சொல்வது சுலபம். புவனாவைத் தனியாகத் திருப்பூருக்குச் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போன் பண்ணாமல் பத்து நிமிஷம் உட்காரவேண்டும் என்பது முதல் வீட்டுப்பாடம். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறாம் நிமிஷம் எழுந்துவிட்டேன். உங்கள் அக்கா கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். நெஞ்சு அடித்தது அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் என்ன ஆச்சரியம், அதுவாகவே அலுத்துப்போய் நின்றுவிட்டது! வருஷம் முழுவதும் அது உச்சிக்குப் போகும்போதே நான் எழுந்து ஓடியிருக்கிறேன், இறங்குவதை ஒரு நாள்கூட இருந்து பார்த்ததில்லை. பத்து நிமிஷம் அரை மணியாயிற்று, அரை மணி ஒரு பொழுதாயிற்று. போன வாரம் பிள்ளை இரண்டு நாள் அவிநாசியில் தங்கிவிட்டு வந்தது, நான் அரிசிம்பருப்புச் சோறு இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பகலில் தூங்கினேன்.

அன்று சாயங்காலமே புவனாவைக் கூப்பிட்டு, "அம்மணி, அந்த லெட்டர் போகலை. உங்கம்மா அரிசி டிரம்முல போட்டு வெச்சிருக்கறா. நீ பொட்டியக் கட்டு" என்றேன். "நெசமாவா நைனா?" என்றது. நிசமாகத்தான் என்றேன்.

இன்று மத்தியானம் போத்தனூரில் பெங்களூர் வண்டி ஏற்றி அனுப்பி வைத்தேன். படபடப்பு இல்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டி நகர்ந்ததும் கையை ஆட்டினேன், பிளாட்பாரத்தில் நின்று ஒரு டீ குடித்தேன், உங்கள் அக்காவோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாய்ந்துவிட்டேன். ஆகையால் ஊரில் யாராவது என் மறையைப் பற்றிப் பேசினால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டவும். மேலே அழுத இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளவும். என்னை மந்திரிக்க அழைத்துப்போகக் கார் எடுத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தீர்கள், வரவேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய் நொடி இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரவேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வற்றாமல் வாழைத்தார் கனத்து விளைய, அவிநாசியப்பனும் மாரியம்மனும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
முழுக்கக் குணமான
சு. வரதராஜுலு

பின்குறிப்பு (14.7.97, திங்கள் சாயங்காலம்): மாப்பிள்ளை, கவரின் மேல் பெங்களூர் முத்திரையைப் பார்த்து நீங்கள் குழம்பியிருப்பீர்கள். மேலே உள்ளதெல்லாம் சனிக்கிழமை காலை, ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்தது. எல்லாம் அப்படித்தான் நடக்கப்போகிறது என்கிற தைரியத்தில் எழுதி, வழியில் தபால் பெட்டியில் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். போத்தனூரில் வண்டி நிற்பது இரண்டே நிமிஷம். நான் உள்ளே ஏறி, பெட்டியைச் சீட்டுக் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தேன். பூட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பிளாட்பாரம் நகர்கிறது, உங்கள் அக்கா கையை ஆட்டுகிறாள். திருப்பூரில் இறங்கியிருக்கலாம். ஈரோட்டிலும் வண்டி நின்றது. கட்டின வேட்டியோடு பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டேன். பிள்ளை தங்குகிற லேடீஸ் ஹாஸ்டலில் ஆண்களை விடமாட்டார்கள், எதிரே ஒரு லாட்ஜில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு உங்கள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னதற்கு, "இருங்க, இருந்து வாங்க. திங்கக்கெழம அவளுக்குப் பதிலா நீங்க வேலைல சேர்ந்துறாதீங்க" என்றாள்.

ஏன் திருப்பூரில் இறங்கவில்லை என்று கேட்பீர்கள். இறங்கத்தான் எழுந்தேன். புவனா என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "எனக்குப் பயமா இருக்குது நைனா" என்றது. இருபத்தொரு வருஷத்தில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்பேன், வீட்டில் இருந்த பயம் மொத்தத்தையும் நானே குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தேனே? "எனக்குந்தான் கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டேன். என்ன பயம் என்று கேட்டேன். சேலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.

இன்று காலை வேலையில் சேர்ந்தாயிற்று. சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தது. நாளைக் காலை நான் ஊருக்குக் கிளம்புகிறேன். புவனாதான் ஸ்டேஷனுக்கு வந்து என்னை வண்டி ஏற்றி விடப்போகிறது. வண்டி நகர்வதற்கு முன்னால் ஞாபகமாக இறங்கிவிடவேண்டும் என்று பிள்ளையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.